எமில் இல்லாத இடப்பக்கம்

ரொறன்ரோவின் விளையாட்டு வானொலியில் பிற்பகல் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. நடக்க முடியாத வீரர் பரிமாற்றங்களைக் கற்பனை செய்வார்கள். இந்த அணி இன்னாரைக் கொடுத்து அந்த அணியிடம் இன்னாரை வாங்கினால் என்ன ஆகும் என்று நேயர்கள் தொலைபேசியில் வந்து வாதாடுவார்கள். அந்தப் பனிக்காலத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போன கற்பனை, ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான பீக்கன்ஸ் எமிலை எட்மன்ரன் அணிக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து கோல் காப்பாளர் ராடெக்கையும் ஒஸ்கர் என்ற இளம் வீரனையும் வாங்குவது. ராடெக் வந்தால் கோப்பை நிச்சயம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் வாதம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். எமிலைக் கொடுக்க முடியாது. அவன் அதே அணியில் ஆடுகிற மயூரனோடு இழை போட்டவன். இருவரையும் பிரிக்க எந்த நிர்வாகிக்கும் மனம் வராது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்துவிட்டது.

அணியின் முகாமையாளர் வெண்டல் மயூரனைத் தொலைபேசியில் அழைத்தபோது அவன் மகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தான். சிந்துஜா வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள். ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடையில் அவள் மருந்தாளர். கணவன் "ஓகே" என்று சொன்னதும், சற்றுப் பொறுத்து மறுபடி "ஓகே" என்று சொன்னதும் அவளுக்குக் கேட்டது. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவன் தன் இடது பக்கத்தைப் பார்த்தான். அங்கே குளிர்சாதனப் பெட்டிதான் நின்றது.

"என்ன மயூரன்?"

"எமிலைக் குடுத்திட்டாங்கள்."

"எங்க?"

"எட்மன்ரனுக்கு. இழையை இந்தக் கிழமையே எடுக்க வேணுமாம்."

நான்கு வயது ஆரபி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். சிந்துஜா கைப்பையை இறக்கி வைத்துவிட்டு மிச்சச் சாப்பாட்டை ஊட்டினாள்.

இழை என்பது தலைமயிர் அளவே தடிப்புள்ள ஒரு பொருள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிந்துஜா கணவனிடம் ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. எடுக்கிற நாளில் அணியின் மருத்துவர் டொக்டர் ஷிரினிடம்தான் கேட்டாள். ஷிரின் சிறுவயதில் ஈரானில் இருந்து வந்தவர். எதையும் ஆறுதலாகச் சொல்லக்கூடியவர்.

"நீங்கள் கையைத் தூக்குவதற்கு முன்னால், தூக்கப்போகிறேன் என்ற முடிவு மூளையில் எழும்பிவிடும். அதை இழை பிடித்து மற்றவருக்கு அனுப்புகிறது. எமில் வலப்பக்கம் திரும்பப்போகிறான் என்பது அவன் திரும்புவதற்கு முன்பே மயூரனின் உடம்புக்குத் தெரியும். வேறொன்றும் இல்லை."

"நினைக்கிறதெல்லாம் போகாதா?"

"போகாது. அசைவு மட்டும்தான். அதுவும் மைதானத்துக்குள் மட்டும்தான். வெளியே வந்தால் அது வெறும் கம்பி."

"எடுத்தபிறகு?"

"கொஞ்ச நாள் படியில் இறங்கும்போது ஒரு படி குறைவது போல இருக்கும். பிறகு பழகிவிடும்."

எதிரணியில் இருக்கிற ஒருவனோடு இழை இருக்க முடியாது. அது லீக்கின் சட்டம். அந்தச் சட்டம் வந்த காலத்தில், இழை போட்டவர்களை யாராவது பிரிப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஏழு பருவங்களில் மயூரனும் எமிலும் பனித்தளத்தில் செய்ததைப் பார்த்துத்தான் மற்ற அணிகளும் சோடி சோடியாக இழை போட்டன. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிகளிலும் அதை அனுமதிக்க வேண்டும் என்று பெற்றோர் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்காரவைத்து வேலையை முடித்தார்கள். கியூபெக்கில் ஒரு மரவெட்டும் ஊரில் வளர்ந்த எமில், மயூரனை விட ஒரு சாண் உயரம். எழுந்து வந்து மயூரனின் கையைப் பிடித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கதவுக்கு வெளியே அவனுடைய மனைவி நதாலி சிந்துஜாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆண்கள் இருவரும் அழவில்லை. அவர்களைப் பார்க்க, அடுத்த நாள் காலைப் பயிற்சியில் சந்திக்கப்போகிறவர்கள் போலத்தான் இருந்தது.

பரிமாற்றத்தால் ரொறன்ரோ பெரிதாக வென்றது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அது பொய்யில்லை. ராடெக் வந்தபிறகு பீக்கன்ஸின் வலைக்குள் பக் நுழைவதே அரிதாகிவிட்டது. பனித்தளத்தில் வழுக்கி ஓடுகிற அந்தச் சின்னக் கறுப்பு வட்டை அவன் தூக்கத்திலும் பிடிப்பான் போலிருந்தது. அணி வரிசையாக வென்றது. மயூரன் மட்டும் இடப்பக்கத்தில் ஆளில்லாத இடத்துக்குப் பக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துத் தள்ளினால் நேரம் போய்விடும். பார்க்காமல் தள்ளினால் அங்கே யாரும் இல்லை. ஒரு போட்டியில் அவன் தள்ளிய பக் வெறுமனே போய்ச் சுவரில் மோதியபோது பார்வையாளர்களில் சிலர் சிரித்தார்கள். சிந்துஜா அதை வீட்டில் இருந்து பார்த்தாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். சிரிப்பு குறைந்ததே தவிர அவனுடைய முகம் திரையில் அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் வந்த மாற்றத்தை அவள் மெதுவாகத்தான் கண்டுகொண்டாள். முதலில் அது கவலை என்று நினைத்தாள். அவன் படிக்கட்டில் ஏறும் சத்தம் மாறியிருந்தது. கதவுகளைச் சாத்துகிற விதம் மாறியிருந்தது. வாகன நெரிசலில் முன்னால் நிற்கிறவனைத் திட்டினான். மயூரன் ஒருவரைத் திட்டி அவள் கேட்டதே இல்லை. அவர்களுடைய திருமணத்துக்குப் பிறகு ஒரு விருந்தில் அவனுடைய அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. சின்னதில் இவன் பொல்லாத கோபக்காரன், தோற்றால் ஸ்டிக்கைச் சுவரில் அடித்து உடைப்பான் என்று. அப்போது அவளுக்கு அது வேறு யாரையோ பற்றிய கதை மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஆரபி பாலைச் சாப்பாட்டு மேசையில் ஊற்றிவிட்டாள். சின்ன விசயம். துணியை எடுக்கச் சிந்துஜா எழும்ப முன்னர் மயூரன் கத்தினான். ஒரு சொல் அல்ல, சத்தம். கையில் இருந்த தட்டை அவன் எங்கே எறிந்தான் என்பது கூட அவனுக்குத் தெரியவில்லை. அது சுவரில் பட்டு உடைந்தது. ஆரபி மேசைக்குக் கீழே போய் ஒளிந்தாள். காதுகளைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியே வரமாட்டேன் என்று தலையாட்டினாள்.

அவளை வெளியே எடுக்க நெடுநேரம் பிடித்தது. மயூரன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"அவள் அழுறது எனக்குக் கேட்குது," என்றான். "கேட்டா என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்ல, சிந்து. முந்தித் தெரியும். இப்பத் தெரியேல்ல."

சிந்துஜா அறைக்குள் போனாள். பிள்ளையின் உடுப்புகளை எடுத்து ஒரு பையில் வைத்தாள். ஏஜக்ஸில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போனாள். அவன் மறிக்கவில்லை. காரில் பிள்ளையின் இருக்கைப் பட்டியை அவனே பூட்டிவிட்டான். ஆரபி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே இருந்தபோதுதான் எட்மன்ரனில் இருந்து நதாலி பேசினாள்.

"நீ நலமா என்று கேட்கத்தான் எடுத்தேன்," என்று தொடங்கினாள். பிறகு குரல் உடைந்தது. "இல்லை. பொய். எமிலைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை."

எமில் பேசுவதை நிறுத்திவிட்டான். கோபமில்லை. குடிக்கவில்லை. பயிற்சிக்குப் போகிறான், வருகிறான், ஜன்னலோரம் இருக்கிறான். வீட்டுக் கூரை ஒழுகியபோது திருத்த வந்தவன் அவர்களை ஏமாற்றினான். எமில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முந்திய எமில் என்றால் அவனை வாசலிலேயே மறித்து இரண்டில் ஒன்று பார்த்திருப்பான்.

"என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எமில்தான் எனக்காக எல்லோரோடும் சண்டை போட்டான்," என்றாள் நதாலி. "அந்தச் சூடு எங்கே போனது? சிந்துஜா, நான் ஒன்று கேட்கிறேன், பைத்தியம் என்று நினைக்காதே. மயூரன் இப்போது எப்படி இருக்கிறான்?"

சிந்துஜா சொன்னாள். தட்டைப் பற்றியும் சொன்னாள்.

"அப்படியென்றால் அந்தச் சூடு மயூரனுடையதுதான்," என்றாள் நதாலி. "எமிலிடம் இருந்தது உன் கணவனுடைய கோபம். உன் கணவனிடம் இருந்தது என் கணவனுடைய அமைதி. ஏழு வருடம் ஒருவர் மற்றவருக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்."

அந்தப் பேச்சு சிந்துஜாவைத் தூங்கவிடவில்லை. அவள் மயூரனைச் சந்தித்தது அவன் இழை போட்டு இரண்டாம் வருடத்தில். ஒரு கலியாண வீட்டில், கூட்டத்தில் தொலைந்துபோன யாருடையதோ ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு மேசையாகப் போய்த் தாயைத் தேடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது. அந்தப் பொறுமை எமிலுடையது என்றால் அவள் கட்டியது யாரை? இதே கேள்வியை எட்மன்ரனில் இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து மயூரன் ஏஜக்ஸுக்கு வந்தான். தமக்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"வெண்டல் கூப்பிட்டவர். ஒஸ்கரோட எனக்குப் புதுசா இழை போடப் போகினமாம். நான் ஓம் எண்டு சொல்லப் போறன். அவன் நல்ல அமைதியான பெடியன், சிந்து. சத்தம் போட்டுக்கூடச் சிரிக்கமாட்டான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நதாலி எனக்கும் எடுத்தவ. நான் முந்தி மாதிரி வந்திடுவன். கொஞ்சக் காலம்தான் எடுக்கும்."

அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. இன்னொருவனுடைய பொறுமையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று ஒருவன் சொல்கிறான். அதைச் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை.

"முதல்ல டொக்டரைக் கேப்பம்," என்றாள். "ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்."

டொக்டர் ஷிரின் அவர்களை முழுதாகப் பேசவிட்டுக் கேட்டார். நதாலி சொன்னதைச் சிந்துஜா சொன்னபோது அவர் இடையில் குறுக்கிடவில்லை. பிறகு கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பாமலே பேசினார்.

"இந்தச் சந்தேகம் எங்களுக்கும் முதல் வருடத்திலேயே வந்தது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சோதனைகள். மயூரன், உங்களுக்கு நினைவிருக்கும், அரைநாள் ஒரு அறைக்குள் இருத்திவைப்போம். நீங்கள் அழைத்தபிறகு நான் உங்களுடையதையும் எமிலுடையதையும் முதலில் இருந்து மறுபடி பார்த்தேன். கை, கால், தோள், கண். இவை எங்கே போகப்போகின்றன என்பது மட்டும்தான் இழையால் போயிருக்கிறது. குணம் என்று ஒரு துளி கூடப் போகவில்லை. போக வழியும் இல்லை."

மயூரன் முன்னால் குனிந்தான். "அப்படியென்றால் என் பொறுமை?"

"உங்களுடையதுதான்."

"கோபம்?"

"அதுவும் உங்களுடையதுதான். எமிலுடைய சூடு எமிலுடையது. அவனுடைய மௌனமும் அவனுடையது." அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு இது ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. ஒஸ்கரோடு இழை போட்டால் நல்ல போட்டிகள் ஆடலாம். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அதில் மருந்து இல்லை."

"பிறகு ஏன் டொக்டர் இப்படி ஆனது?" என்று சிந்துஜா கேட்டாள்.

"அது இழைக்குள் இல்லை, சிந்துஜா. எனக்குத் தெரிந்தது இழை மட்டும்தான்."

வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் இருவரும் காருக்குள் ஏறி இருந்தார்கள். மயூரன் சாவியைப் போடவில்லை.

"அப்ப அண்டைக்குக் கத்தினது நான்தான்," என்றான்.

"ஓம்."

"வேற ஆரும் இல்ல."

"இல்ல." அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "அந்தக் கலியாண வீட்டில பிள்ளையைத் தூக்கி வச்சிருந்ததும் நீங்கள்தான். எனக்கு இப்ப அதுதான் கொஞ்சம் மூச்சு விடுற மாதிரி இருக்கு."

அவன் கண்ணாடியில் சேர்ந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவளுக்குச் சொல்கிறான் என்றில்லாமல் பேசினான்.

"ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், நான் என்ன செய்யப்போறன் எண்டு ஒருத்தனுக்குத் தெரியும், சிந்து. நான் சொல்லத் தேவையில்ல. காட்டத் தேவையில்ல. பிழை விட்டாலும் அதுக்கு முதலே அவன் அங்க வந்து நிப்பான். அப்பிடி ஒருத்தன் இருந்தா மிச்ச நேரமெல்லாம் மனுசன் ஆறுதலா இருக்கலாம். பிள்ளை பாலை ஊத்தினா என்ன, வீடு எரிஞ்சாத்தான் என்ன. இப்ப ஒருத்தருக்கும் என்னைத் தெரியேல்ல. நான் போற இடமெல்லாம் சத்தம் போட்டுத்தான் தெரியப்படுத்த வேண்டிக்கிடக்கு."

"எனக்குத் தெரியாதா உங்களை?"

"நான் உமக்கு ஒண்டும் சொன்னதில்லையே. சொல்ல வேண்டி வரேல்ல."

அது உண்மை. இவ்வளவு காலமும் அவன் அமைதியாக இருக்கிறான் என்று அவள் சந்தோசப்பட்டிருந்தாள். அவன் பேசவில்லை என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"ஒஸ்கரோட போட்டா அதே மாதிரி ஒருத்தன் கிடைப்பானே," என்றாள். அவனைச் சோதிப்பதற்காக அல்ல. அவளுக்கும் பதில் தெரியவேண்டியிருந்தது.

"கிடைப்பான். பிறகு ஒருநாள் அவனையும் குடுப்பாங்கள். இல்லாட்டி என்னைக் குடுப்பாங்கள். அப்ப ஆரபிக்கு எத்தினை வயசா இருக்கும்? மேசைக்குக் கீழ ஒளிக்கவும் ஏலாத வயசா இருக்கும்."

அன்று மாலையே அவன் வெண்டலுக்குச் சொல்லிவிட்டான். வெண்டல் கெட்டவர் இல்லை. கோபப்படாமல் விளக்கினார். இழை இல்லாத ஒருவனை முதல் வரிசையில் வைத்து இந்தக் காலத்தில் யாரும் கோப்பை வெல்ல முடியாது. ஒஸ்கரை வேறொருவனோடு சேர்ப்பார்கள். மயூரன் மூன்றாவது வரிசையில் ஆடலாம், கோடைக்குப் பிறகு என்ன என்று இப்போது சொல்ல முடியாது. மயூரன் நன்றி சொன்னான். அந்தப் பருவத்தின் மிச்சப் போட்டிகளில் அவன் பெரும்பாலும் மாற்று வீரர்கள் உட்காரும் வாங்கில் இருந்தான். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி, ஆள் நிற்கிறானா என்று பார்த்துத்தான் பக்கைத் தள்ளினான். அது மெதுவான ஆட்டம். சில தடவை சரியாகப் போய்ச் சேர்ந்தது.

சிந்துஜா உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. சனி ஞாயிறுகளில் அவனை ஏஜக்ஸுக்கு வரச்சொன்னாள். ஆரபி முதல் இரண்டு தடவையும் பெரியம்மாவின் பின்னால் நின்றபடி அவனைப் பார்த்தாள். மூன்றாம் தடவை கொஞ்சம் கிட்ட வந்து, அவன் பக்கத்தில் இல்லாமல் எதிரில் உட்கார்ந்து படம் கீறினாள். அவன் எழும்பிப்போய் அவளைத் தூக்கவில்லை. தூக்க நினைத்தது சிந்துஜாவுக்குத் தெரிந்தது.

பிள்ளை கீறி முடித்துவிட்டுப் போனபிறகு அவள் கேட்டாள்.

"எமிலோட கதைச்சனீங்களோ?"

"இல்ல."

"ஏன்?"

அவன் யோசித்தான். "என்னத்தைக் கதைக்கிறது? நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கதைச்சதில்லையே. 'நாளைக்குப் பாப்பம்', 'பஸ் வந்திட்டுது', அவ்வளவுதான். அவன்ர தாயின்ர பேர் கூட எனக்குத் தெரியாது."

"எடுங்கோ."

"இப்பவோ?"

"இப்பத்தான். நான் அங்கால போறன்."

அவள் சமையலறைக்குள் போனாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. பிற்பகல் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. மாடியில் தமக்கையும் ஆரபியும் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். மயூரன் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான். அதைக் காதில் வைத்துப் பேச அவனுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

மறுபக்கம் எடுத்த சத்தம் கேட்டது. பேச்சு வரவில்லை. இருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். பனித்தளத்தில் அவர்களுக்கு இப்படி ஒரு இடைவெளி இருந்ததே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்றே சிந்துஜா நினைத்தாள்.

"எமில்," என்றான் மயூரன்.

"இருக்கிறேன்."

"எப்படி இருக்கிறாய்?"

"தெரியவில்லை." ஒரு நாற்காலி நகரும் சத்தம். "நீ?"

மயூரன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்திருந்தான். அவனுடைய தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. 'நலம்' என்று சொல்லி வைத்துவிடப்போகிறான் என்று சிந்துஜா பயந்தாள். அவனுக்குள் அந்தச் சொல் வந்து நின்றதும், அவன் அதை விழுங்கியதும் அவளுக்குத் தெரிந்தது.

"என் மகளைப் பயப்படுத்திவிட்டேன்," என்றான். "அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை."

மேலே பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. பிறகு எமிலின் குரல் வந்தது. நெடுநாள் பேசாமல் இருந்த குரல்.

"மெதுவாகச் சொல்லு, மயூரன். எல்லாவற்றையும் சொல்லு. இனி நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்."